கிளச் மாற்றிய லாரி ஸ்டார்ட் ஆகாதபோது: பழுதறியும் முறை

கிளச் தேய்ந்துபோன லாரி ஒன்று தன் சொந்த இஞ்சினின் வலுவிலேயே பட்டறைக்குள் வந்து சேர்ந்து, புதிய கிளச் பொருத்தப்பட்ட பிறகு சாவியைத் திருப்பினால் அசையாமல் நிற்பது, பழுதுபார்ப்புத் தொழிலில் அவ்வப்போது நேரும் சிக்கலாகும். இத்தகைய வேளையில் பேட்டரி இறங்கிவிட்டது என்றோ ஸ்டார்ட்டர் மோட்டார் போய்விட்டது என்றோ முடிவுகட்டிப் புதிய உதிரிபாகம் வாங்க ஆளனுப்புவதையே பலரும் முதலில் செய்கின்றனர். இஞ்சினின் சுழற்சியைக் கியர்பாக்ஸோடு சேர்ப்பதும் பிரிப்பதுமே கிளச்சின் வேலை. இஞ்சினைக் கிளப்புவதில் அதற்கு நேரடிப் பங்கு ஏதுமில்லை. ஆதலால், வேலைக்கு முன் ஓடிய இஞ்சின் வேலைக்குப் பின் ஓட மறுத்தால், அந்த வேலைக்காகக் கழற்றப்பட்டவை, நகர்த்தப்பட்டவை, திரும்பப் பூட்டப்பட்டவை ஆகியவற்றையே முதலில் ஐயுற வேண்டும் என்பது இவ்வத்தியாயத்தின் அடிப்படை விதியாகும்.

1. கைபட்ட இடங்களின் பட்டியல்

சிங்கப்பூரில் லாரிகளைச் சரக்குத் தட்டின் நீளத்தைக் கொண்டு 10 அடி, 14 அடி, 24 அடி என்று சொல்வது வழக்கம். சாலைகளில் மிகுதியாகக் காணப்படுபவை இசுஸு, ஹினோ, மிட்சுபிஷி ஃபூசோ, டொயோட்டா டைனா முதலிய ஜப்பானியத் தயாரிப்புகள். இவற்றில் சிறியவை பெரும்பாலும் 12 வோல்ட் மின்னமைப்பையும், பெரியவை 12 வோல்ட் பேட்டரிகள் இரண்டைத் தொடராக இணைத்த 24 வோல்ட் அமைப்பையும் கொண்டவை. சரக்கு வாகனங்கள் 20 ஆண்டுகள் வரை ஓட இந்நாட்டில் அனுமதி உண்டு என்பதால், கணினிக் கட்டுப்பாடு இல்லாத பழைய டீசல் இஞ்சினும், உயர் அழுத்தப் பொதுக்குழாய் வழியாக எரிபொருளைப் பீய்ச்சும் புதிய டீசல் இஞ்சினும் ஒரே பட்டறையில் அடுத்தடுத்து நிற்பதுண்டு. ஆயினும் கிளச் மாற்றும் வேலையின் ஒழுங்கு இரண்டுக்கும் ஏறத்தாழ ஒன்றே.

முதலில் பேட்டரியின் எதிர்முனை இணைப்பு கழற்றப்படுகிறது. அடுத்து ஓட்டுநர் அறை முன்பக்கம் சாய்க்கப்படுகிறது. பிறகு கியர்பாக்ஸைப் பின்சக்கரங்களோடு இணைக்கும் புரொப்பெல்லர் ஷாஃப்ட், கியர் கம்பிகள், கிளச்சை இயக்கும் சிலிண்டர் ஆகியவை விடுவிக்கப்படுகின்றன. கியர்பாக்ஸின் முன்பகுதியாக அமைந்து கிளச்சை மூடியிருக்கும் மணிவடிவக் கூடான பெல் ஹவுசிங்கை இஞ்சினிலிருந்து பிரிப்பதற்கு, அதன் விளிம்பில் பூட்டப்பட்டிருக்கும் ஸ்டார்ட்டரையும் பெரும்பாலும் கழற்ற நேர்கிறது. கியர்பாக்ஸின் மேல் அமர்ந்திருக்கும் நியூட்ரல் சுவிட்ச், ரிவர்ஸ் விளக்குச் சுவிட்ச், வேக சென்சார் ஆகியவற்றின் ஒயர்கள் பிடுங்கப்படுகின்றன. இஞ்சினையும் சட்டகத்தையும் இணைக்கும் எர்த் பட்டை, அதாவது மின்னோட்டம் பேட்டரிக்குத் திரும்பிச் செல்லும் தடித்த செப்புப் பின்னல், பல வண்டிகளில் ஸ்டார்ட்டரின் போல்ட்டிலோ கியர்பாக்ஸின் போல்ட்டிலோ மாட்டப்பட்டிருப்பதால் அதுவும் கழன்று தொங்குகிறது. பழுதைத் தேடுபவர் சோதிக்க வேண்டிய இடங்கள் பெரும்பாலும் இந்தப் பட்டியலுக்குள்ளேயே அடங்கிவிடும்.

2. சோதனைக்கு முன் செய்ய வேண்டியவை

ஸ்டார்ட் ஆகாத லாரி எதிர்பாராத நொடியில் ஸ்டார்ட் ஆகக்கூடியது என்பதை மறத்தலாகாது. கியர் நியூட்ரலில் இருப்பதைக் கம்பியை இருபுறமும் ஆட்டி உறுதிசெய்து, கைப்பிரேக்கை இழுத்து, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்த பிறகே சாவியைத் தொட வேண்டும். கியர் கம்பிகள் அப்போதுதான் மீண்டும் பூட்டப்பட்டவை என்பதால், கம்பி நடுவில் நிற்பதாகத் தோன்றினாலும் உள்ளே பல்சக்கரம் பூண்டிருக்க வாய்ப்புண்டு. ஆகவே கைப்பிரேக்கை இழுக்குமுன், மற்றச் சக்கரங்களுக்குக் கட்டை வைத்த நிலையில் பின்சக்கரம் ஒன்றைத் தூக்கி, அதையோ புரொப்பெல்லர் ஷாஃப்ட்டையோ கையால் சுழற்றிப் பார்த்து நியூட்ரலை இரண்டாவது முறை உறுதிசெய்தல் நலம். ஓட்டுநர் அறை சாய்ந்திருக்கும்போது அதன் தாங்குகம்பி பூட்டில் விழுந்திருக்க வேண்டும். பணியாளர்களைச் சரக்குத் தட்டில் ஏற்றிச்செல்லும் வழக்கம் இந்நாட்டில் இருப்பதால், வழியில் நின்ற லாரியைச் சோதிப்பதற்கு முன் தட்டில் இருக்கும் அனைவரையும் கீழே இறக்கிவிட்டு, வண்டிக்கு முன்னும் பின்னும் ஆள் நில்லாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

3. ஒலியும் விளக்கும் சொல்லும் செய்தி

கருவி எதையும் எடுக்குமுன், முகப்பு விளக்குகளை எரியவிட்டுச் சாவியைத் திருப்பி, காதால் ஒலியையும் கண்ணால் விளக்கையும் ஒருசேரக் கவனித்தால், பழுது எந்தப் பிரிவைச் சேர்ந்தது என்பது பெரும்பாலும் தெளிவாகிவிடும். விளக்கு ஒளி குன்றாமல் இருக்க, எந்த ஒலியும் எழாவிட்டால், ஸ்டார்ட்டருக்குக் கட்டளை போய்ச் சேரவில்லை அல்லது இஞ்சினின் எர்த் இணைப்பு அறவே இல்லை என்று பொருள். விளக்கு முழுவதுமாக அணைந்து, சாவியை விட்டதும் மீண்டும் எரிந்தால், பேட்டரி முனைகளில் ஒன்று சரியாக இறுக்கப்படவில்லை. ‘டிக் டிக்’ என்று விரைவான தொடர் ஒலி கேட்டால் பேட்டரி வலுவிழந்திருக்கிறது அல்லது அதன் முனை தளர்ந்திருக்கிறது. ‘டக்’ என்று ஒரே ஓர் அடி கேட்டு, விளக்கு மிகவும் மங்கினால், பெரும் மின்னோட்டம் பாய்ந்தும் இஞ்சின் சுழலவில்லை, அதாவது எங்கோ இறுகியிருக்கிறது. அதே ஒற்றை அடி கேட்டும் விளக்கு மங்காவிட்டால், மின்னோட்டம் மோட்டாருக்குள் பாயவே இல்லை. மோட்டார் விர்ரென்று தனியே சுழன்றாலோ, கரகரவென்று உரசினாலோ, அது ஃப்ளைவீலின் பற்களைப் பற்றவில்லை. இஞ்சின் வழக்கமான வேகத்தில் சுழன்றும் எரியாவிட்டால், ஸ்டார்ட்டரை விட்டுவிட்டு எரிபொருளையும் சென்சாரையும் நாட வேண்டும்.

4. எந்த ஒலியும் எழாத நிலை

சாவியிலிருந்து புறப்படும் கட்டளை மின்னோட்டம், ஃபியூஸ், ரிலே, நியூட்ரல் சுவிட்ச் அல்லது கிளச் பெடல் சுவிட்ச் ஆகியவற்றைக் கடந்து, ஸ்டார்ட்டரின் மேலுள்ள சொலினாய்டின் சிறு முனையை அடைகிறது. சொலினாய்டு என்பது மின்காந்த ஆற்றலால் இயங்கி, பல்சக்கரத்தை முன்தள்ளுவதோடு பெரும் மின்னோட்டத்துக்கும் வழி திறந்துவிடும் சுவிட்ச் ஆகும். ஒருவர் சாவியைத் திருப்ப, மற்றொருவர் அந்தச் சிறு முனையில் சோதனை விளக்கை வைத்துப் பார்த்தால், தேடும் பரப்பு பாதியாகக் குறைந்துவிடும்: விளக்கு எரிந்தால் பழுது ஸ்டார்ட்டரிலோ எர்த்திலோ இருக்கிறது; எரியாவிட்டால் சாவிக்கும் ஸ்டார்ட்டருக்கும் இடைப்பட்ட வழியில் இருக்கிறது. கியர்பாக்ஸ் பின்னால் நகர்ந்தபோது இழுபட்டு, அந்தச் சிறு முனையிலிருந்து நழுவிய ஒயர் தரையை நோக்கித் தொங்கிக்கொண்டிருப்பது முதலில் பார்க்க வேண்டிய ஒன்று.

வழியில் பழுது என்று தெரிந்தால் ஃபியூஸை அடுத்துப் பார்க்க வேண்டும். பெல் ஹவுசிங்கை இஞ்சினோடு சேர்த்து இறுக்கும்போது இரண்டுக்கும் நடுவே ஒயர் ஒன்று சிக்கி நசுங்கியிருந்தால், ஃபியூஸ் எரிந்துபோவதோடு, மாற்றிப் போடும் புதிய ஃபியூஸும் உடனே எரியும். அப்போது அதைவிடப் பெரிய ஃபியூஸைப் போடுவது ஒயரையே கொளுத்திவிடும் செயல். கிளச் பெடலை மிதித்தால் மட்டுமே ஸ்டார்ட் ஆகும் வகை வண்டிகளில், புதிய கிளச்சுக்கு ஏற்பப் பெடலின் உயரத்தைத் திருத்தும்போது, பெடல் முழுதாக மிதிபட்டும் சுவிட்சின் பொத்தானைத் தொடாமல் போகலாம். சுவிட்சைக் கையால் அழுத்திச் சாவியைத் திருப்பினால் இது தெரிந்துவிடும்.

நியூட்ரல் சுவிட்சும் ரிவர்ஸ் விளக்குச் சுவிட்சும் ஒரே வடிவ இணைப்பியைக் கொண்ட கியர்பாக்ஸ்களில், இரண்டின் ஒயர்களும் இடம் மாறிச் செருகப்பட்டால் விந்தையான விளைவு ஏற்படுகிறது. சாவியைத் திறந்ததும், கியர் நியூட்ரலில் இருக்கையிலேயே பின்புற வெள்ளை விளக்கு எரிகிறது. ரிவர்ஸ் கியரில் போட்டால் அது அணைகிறது. ஸ்டார்ட்டரோ நியூட்ரலில் இயங்க மறுத்து, ரிவர்ஸ் கியரில் மட்டுமே இயங்குகிறது. இதை அறியாமல் ஒவ்வொரு கியராகப் போட்டுச் சாவியைத் திருப்பிப் பார்ப்பவர், வண்டியைப் பின்னோக்கிப் பாயவிடும் ஆபத்து இருக்கிறது. ஆகவே சாவியை இறுதிவரை திருப்புமுன், ஒருவரை வண்டிக்குப் பக்கவாட்டில் நிறுத்தி ரிவர்ஸ் விளக்கைப் பார்க்கச் சொல்வது, ஒரு நிமிடத்தில் முடியும் சோதனை. சட்டப்படியான வாகனப் பரிசோதனைக்குச் செல்லும் முன்பு எப்படியும் பார்க்க வேண்டிய விளக்கும் அதுவே.

5. எர்த் இணைப்பு

இவ்வகைப் பழுதுகளில் மிக எளிதாக விட்டுப்போவதும், மிக எளிதாகக் கண்டுபிடிக்கக்கூடியதும் எர்த் இணைப்பே. ஸ்டார்ட்டர் சில நூறு ஆம்பியர் மின்னோட்டத்தை உறிஞ்சுவது. அந்த மின்னோட்டம் முழுவதும் மோட்டாரின் உடல், இஞ்சின் உலோகம், எர்த் பட்டை ஆகியவற்றின் வழியே பேட்டரியின் எதிர்முனைக்குத் திரும்பியாக வேண்டும். 200 ஆம்பியர் பாயும் வழியில் ஓர் ஓமில் நூற்றில் ஒரு பங்கு தடை இருந்தால்கூட 2 வோல்ட் அங்கேயே வீணாகிறது. 12 வோல்ட் வண்டிக்கு அது ஆறில் ஒரு பங்கு இழப்பு. துருவோ, புதிதாக அடித்த பெயிண்ட்டோ, ஒட்டிய கிரீஸோ அந்தச் சிறு தடையை உண்டாக்கப் போதுமானது. ஆண்டு முழுவதும் வெப்பமும் ஈரப்பதமும் நீங்காத சிங்கப்பூரில், பழைய வண்டிகளின் எர்த் முனைகள் துருவேறியே இருக்கும். ஆண்டுக்கணக்கில் அசையாமல் இறுகியிருந்த முனை ஒருமுறை கழற்றப்பட்டு, துடைக்கப்படாமலே மீண்டும் பூட்டப்பட்டால், பழைய தொடர்பு திரும்ப அமைவதில்லை.

எர்த் பட்டை அறவே மாட்டப்படாத வண்டியில், மின்னோட்டம் தனக்குக் கிடைத்த மெல்லிய வழிகளைத் தேடிச் செல்கிறது. ஆக்சிலரேட்டர் கேபிள், கியர் கேபிள் போன்ற உலோக இழைகள் இஞ்சினையும் சட்டகத்தையும் தொடுவதால் அவற்றினூடே பாய்ந்து, அவற்றைச் சூடேற்றி, மேலுறையை உருக்கிவிடுகிறது. சாவியைச் சிலமுறை திருப்பிய பின் கியர் கேபிளின் உறை சுடுவதாகவோ, ரப்பர் கருகும் வாடை வருவதாகவோ தெரிந்தால், சோதனையை அத்துடன் நிறுத்தி எர்த் பட்டையைத் தேட வேண்டும்.

இதை அளந்தறிய மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் எதிர்முனையிலும், மற்றொரு முனையை இஞ்சினின் சுத்தமான உலோகப் பரப்பிலும் வைத்துச் சாவியைத் திருப்ப வேண்டும். 12 வோல்ட் வண்டியில் அளவு 0.2 அல்லது 0.3 வோல்ட்டுக்குள் இருப்பது நலம். 24 வோல்ட் வண்டியில் அரை வோல்ட் வரை பொறுக்கலாம். பல வோல்ட் காட்டினால் எர்த் வழி கெட்டிருக்கிறது. மீட்டர் இல்லாதவர்கள், பேட்டரிக்குப் பேட்டரி இணைக்கும் தடித்த ஜம்பர் கேபிளின் ஒரு முனையை எதிர்முனையிலும் மறுமுனையை இஞ்சின் உலோகத்திலும் கவ்வவிட்டுச் சாவியைத் திருப்பலாம். இஞ்சின் உடனே சுழன்றால் குற்றவாளி எர்த் பட்டையே.

பேட்டரியையும் இதே வேளையில் அளந்துவிடலாம். முழு மின்னேற்றம் பெற்ற 12 வோல்ட் பேட்டரி ஓய்வில் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். இஞ்சினைச் சுழற்றும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கலாகாது. 24 வோல்ட் வண்டியில் இரண்டு பேட்டரிகளையும் தனித்தனியே அளக்க வேண்டும். ஒன்று நலிந்து மற்றொன்று நன்றாக இருந்தால் மொத்த அளவு ஏமாற்றிவிடும். சில நாள் பட்டறையில் நின்ற வண்டியில் கதவு விளக்கோ வானொலியோ மின்னேற்றத்தைக் குடித்திருக்கவும் கூடும்.

6. பற்றாத பற்களும் இறுகிய இஞ்சினும்

ஃப்ளைவீல் என்பது இஞ்சினின் பின்முனையில் சுழலும் கனமான வட்டு; அதன் விளிம்பைச் சுற்றிய பல்வளையத்தை ஸ்டார்ட்டரின் சிறு பல்சக்கரம் பற்றித்தான் இஞ்சினைச் சுழற்றுகிறது. ஸ்டார்ட்டர் அமரும் முகத்தில் மண்ணோ பழைய பசையோ ஒட்டியிருந்தால் அது கோணலாக அமர்ந்து உரசும். ஃப்ளைவீலையே மாற்றியிருந்தால், புதியதன் பற்களின் எண்ணிக்கையும் விட்டமும் பழையதோடு ஒத்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். நான்கு சிலிண்டர் இஞ்சின் அழுத்தத்தின் காரணமாக ஏறத்தாழ இரண்டு இடங்களிலேயே நின்று பழகுவதால், அந்த இடங்களின் பற்கள் மட்டும் தேய்ந்துபோகின்றன. இஞ்சினைக் கையால் கால் சுற்று திருப்பியபின் ஸ்டார்ட் ஆனால் பல்வளையமே தேய்ந்தது. சரக்கு இறக்க நிற்கும் நேரத்தில் இஞ்சினை வீணே ஓடவிடுவது சிங்கப்பூரில் குற்றம் என்பதால், கடைக்குக் கடை நின்று செல்லும் லாரியின் ஸ்டார்ட்டர் ஒரே நாளில் பலமுறை வேலை செய்கிறது. ஆகவே கியர்பாக்ஸ் கீழே இருக்கும்போதே பல்வளையத்தைச் சோதிப்பது இன்றியமையாதது.

‘டக்’ என்ற ஓரடியோடு விளக்கு மங்கி, பேட்டரியும் நன்றாக இருந்தால், முன்பக்கப் புல்லியின் போல்ட்டில் நீண்ட கைப்பிடி சாவியை மாட்டி இஞ்சினைக் கையால் முழுதாக இரண்டு சுற்று திருப்பிப் பார்க்க வேண்டும். சுழலாவிட்டால் முதலில் ஸ்டார்ட்டரைக் கழற்றுக; இஞ்சின் விடுபட்டால் பல்சக்கரம் சிக்கியிருந்தது என்று பொருள். அப்போதும் சுழலாவிட்டால், பெல் ஹவுசிங்கின் போல்ட்டுகளைச் சிறிது தளர்த்திப் பார்க்க வேண்டும். கிளச் பிளேட்டின் நடுத்துளையில் கியர்பாக்ஸின் தண்டு நேராக நுழையாதபோது, போல்ட்டுகளை இறுக்கி இறுக்கிக் கியர்பாக்ஸை வலிந்து உள்ளே இழுப்பவர்கள் உண்டு. அவ்வாறு செய்தால் தண்டின் நுனி இஞ்சினின் முக்கியத் தண்டை முட்டி இறுக்குவதோடு, கிளச் பிளேட்டும் வளைந்துபோகும். உள்ளே விழுந்த போல்ட், வளைந்த தூசுத் தகடு, அளவுக்கு மிஞ்சிய நீளமுடைய போல்ட் ஆகியவையும் ஃப்ளைவீலைத் தடுக்கும். இந்நிலையில் ஸ்டார்ட்டரைத் திரும்பத் திரும்ப இயக்குவது பெருஞ்சேதத்தை விளைவிக்கும்.

7. சுழன்றும் எரியாத இஞ்சின்

இஞ்சின் நன்றாகச் சுழலும்போது புகைபோக்கியைப் பார்க்க வேண்டும். வெண்புகை வந்தால் எரிபொருள் உள்ளே போகிறது. புகையே வராவிட்டால் போகவில்லை. பழைய வகை இஞ்சின்களில் எரிபொருளைத் திறந்துவிடும் சொலினாய்டுக்கு மின்சாரம் வருகிறதா என்பதையும், அறையைச் சாய்த்தபோது எரிபொருள் குழாய் நசுங்கியோ கழன்றோ காற்று புகுந்ததா என்பதையும் பார்ப்பது போதும். புதிய வகைகளில், இஞ்சினின் சுழற்சியைக் கணினிக்குச் சொல்லும் சென்சார் சிலவற்றில் ஃப்ளைவீலின் கூட்டிலேயே அமர்ந்து, ஃப்ளைவீலின் துளைகளையோ பற்களையோ எண்ணுகிறது. அதன் ஒயர் செருகப்படாவிட்டாலோ, நுனியில் இரும்புத்தூள் ஒட்டியிருந்தாலோ, துளையமைப்பு வேறான ஃப்ளைவீல் பொருத்தப்பட்டாலோ, இஞ்சின் சுழல்வதையே கணினி அறியாமல் எரிபொருளை நிறுத்திவைக்கும். பழுதறியும் கருவியை இணைத்துச் சாவியைத் திருப்பும்போது, சுழற்சி வேகம் சுழி என்று காட்டினால் இதுவே காரணம். சிங்கப்பூரின் தட்பவெப்பத்தில் குளிரால் டீசல் இஞ்சின் கிளம்ப மறுப்பதில்லை. எனவே ஸ்டார்ட் செய்ய உதவும் ஈதர் தெளிப்பானை நாடுவது பயனற்றதும், சூடேற்றும் பிளக் உள்ள இஞ்சின்களில் வெடிப்புக்கு வழிவகுப்பதும் ஆகும்.

கிளச் பெடல் இல்லாமல் கணினியே கிளச்சை இயக்கும் வகை லாரிகளில், புதிய கிளச்சின் தொடுபுள்ளியைக் கணினிக்குக் கற்பிக்கும் செய்முறை முடியாதவரை ஸ்டார்ட் ஆகாமல் இருக்கக்கூடும். அதை அவ்வண்டியின் தயாரிப்பு நிறுவனக் கையேட்டின்படி, உரிய கருவியைக் கொண்டே செய்ய வேண்டும்.

8. சாலையில் நின்றுவிட்டால்

பாசிர் பாஞ்சாங் மொத்த விற்பனை நிலையத்திலிருந்து காய்கறி ஏற்றி வரும் லாரி, பஃப்பலோ சாலையிலோ டன்லப் தெருவிலோ சரக்கிறக்க நிறுத்தப்பட்டு, பிறகு கிளம்ப மறுத்தால், அதைத் தள்ளி ஸ்டார்ட் செய்ய முயல்வது முறையன்று. இவை அமைந்த தேக்கா வட்டாரத்தின் தெருக்கள் குறுகியவை, மக்கள் நடமாட்டம் மிகுந்தவை. புதிய கிளச் தவறாகப் பொருத்தப்பட்டிருந்தால் பெடலை மிதித்தும் அது பிரியாமல் வண்டி கட்டுக்கடங்காமல் போகக்கூடும். அபாய விளக்குகளை எரியவிட்டு, பேட்டரி முனைகளையும் எர்த் பட்டையையும் தொங்கும் ஒயர்களையும் மட்டும் பார்த்து, அவற்றில் பழுது தென்படாவிட்டால் இழுவை வண்டியை அழைப்பதே தக்கது. விரைவுச்சாலையில் நின்ற வண்டியை, நிலப் போக்குவரத்து ஆணையத்தின் மீட்புச் சேவை அருகிலுள்ள குறிப்பிட்ட வாகன நிறுத்துமிடம் வரை கட்டணமின்றி இழுத்துச் சென்று விடுகிறது. ஓட்டுநர் தடுப்புக்கு அப்பால் பாதுகாப்பாக நின்று காத்திருக்கலாம்.

பழுதான பொருளுக்குத் தீர்வு கோர வகைசெய்யும் சிங்கப்பூர்ச் சட்டத் திருத்தம் 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பில் இருந்தாலும், அது நுகர்வோர் வாங்கும் பொருள்களுக்கே உரியது. தொழில் நிறுவனம் தன் லாரிக்குச் செய்துகொள்ளும் பழுதுபார்ப்புக்கு அதை நம்பியிருக்க இயலாது. ஆகவே லாரி உரிமையாளர்கள் வேலைக்கான உத்தரவாதத்தைப் பட்டறையிடம் எழுத்தில் பெறுவதோடு, கழற்றிய பழைய கிளச்சைப் பார்வைக்கு வைத்திருக்கச் சொல்ல வேண்டும். எர்த் பட்டை பூட்டப்பட்டது, ஸ்டார்ட்டர் ஒயர்கள் இறுக்கப்பட்டன, கியர்பாக்ஸ் சுவிட்சுகள் செருகப்பட்டன, ரிவர்ஸ் விளக்கு சோதிக்கப்பட்டது என்ற நான்கு வரிகளையும் பட்டறையின் வேலைச்சீட்டிலேயே எழுதிக் கையொப்பம் வாங்கிய பிறகு வண்டியை எடுத்துச் செல்க. இந்த நான்கையும் பார்த்து முடிக்கும் வரை, புதிய பேட்டரிக்கோ புதிய ஸ்டார்ட்டருக்கோ ஒரு வெள்ளியும் செலவிடத் தேவையில்லை.